கமலாத்தாள் பேச்சைக் கேட்கும் மோட்டார்

கமலாத்தாளின் ஃபோனில் இரண்டு சிம் இருந்தன. எல்லையோரப் பெருமாட்டிப் பஞ்சாயத்தின் கிழக்கு ஓரத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. அந்தப் பக்கம் எல்லோருக்கும் இரண்டுதான். வீட்டில் ஒரு கம்பெனியின் சிக்னல் கிடைக்கும். வாய்க்காலைத் தாண்டித் தோப்புக்குள் கால் வைத்ததும் அது செத்துப்போகும். தமிழ்நாட்டு எல்லைக்குள் நிற்கும் வேறொரு கம்பெனியின் டவர் உயிர் பிடிக்கும். முதலாவதை அவள் வீட்டு சிம் என்பாள். பாங்கு, வாட்ஸ்அப், கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் யோகப்பிரியா எல்லாம் அதில். இரண்டாவது மோட்டார் சிம்.

தோப்புக் கிணற்றோரத்து மோட்டார் ரூமில், சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள்ளும் ஒரு சிம் உண்டு. பதிவு செய்த நம்பரிலிருந்து ஒரு ரிங் போனால் பெட்டி அழைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரை ஓடவிடும். மறுபடி ஒரு ரிங் விட்டால் நிறுத்தும். ஓடுகிறது, நின்றது என்று கூப்பிட்டவருக்கு உடனே மெசேஜும் அனுப்பும். பதிவு செய்யாத நம்பரிலிருந்து யார் கூப்பிட்டாலும் மணி அடித்துக்கொண்டே இருக்கும், பெட்டி அசையாது. மெக்கானிக் கருப்புசாமி அதை மாட்டி ஆறு வருஷம் ஆகிறது. அன்று தோப்பில் நின்றபடி கமலாத்தாள் எந்த நம்பரிலிருந்து முதல் ரிங் விட்டாளோ அதுதான் பதிவானது.

ஆறு வருஷமாக, காலை ஆறரைக்கு அவள் கட்டுத்தறி மூலையில் எருமைக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். வீட்டைச் சுற்றி மோட்டார் சிம்முக்கு ஒரு கோடு சிக்னல் விழுவது அந்த இடத்தில்தான். ஃபோனைக் காதில் வைப்பாள், ஒன்றும் பேச மாட்டாள், எடுத்துவிடுவாள். பால் எடுக்க வரும் நாச்சம்மாள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"ஏனுங்கக்கா, தெனமும் ஆருக்குங்க அடிக்கறீங்க? பாவம், ஒரு நாளாச்சும் எடுக்கக் கூடாதா அந்த மனுசன்?"

"எடுத்தான்னா மோட்டார் ஓடாது கண்ணு."

பெட்டி வருவதற்கு முந்தைய வருஷம் நடந்ததை அவள் யாரிடமும் சொல்வதில்லை. அவள் வீட்டுக்காரர் மோகனசுந்தரம் கொழிஞ்சாம்பாறையில் ஓர் அரிசி மில்லின் எடைமேடையில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். லாரி ஏறும், எடை சொல்வார், இறங்கும், மறுபடி எடை சொல்வார். கிராம் பிசகாத ஆள் என்று மில்லில் பெயர். தோப்பு அந்த இருபத்தொன்பது வருஷமும் கமலாத்தாள் தலையில்தான். அந்தக் கோடையில் அவள் ஆனைமலையில் ஒரு சாவுக்குப் போகவேண்டி வந்தது. அவர் லீவு போட்டு மோட்டாரை ஓடவிட்டார். வரப்பில் மில் சிநேகிதர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். எலக்‌ஷன் நேரம். இரண்டு மணி நேரம் பேசினார்கள். கிணறு வற்றி, மோட்டார் காற்றைக் குடித்து, அதன் காயில் கம்பிச்சுருள் கருகிப்போனது. புதுக் கம்பி சுற்றிக் கொடுக்க ஆறு நாள் ஆயிற்று. நட்டு ஒரு வருஷமான நாற்பத்தொரு தென்னம்பிள்ளைகளில் முப்பது காய்ந்தன.

அந்த ஆறு நாளும் மோகனசுந்தரம் வாய்க்காலின் கடைசிக் குட்டைத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றினார். தோள் தோல் உரிந்தது. அதையும் கமலாத்தாள் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் ஒரு முடிவு மட்டும் அவளுக்குள் உட்கார்ந்துகொண்டது: மோட்டாரை இனி இந்த மனுஷன் கையில் கொடுப்பதில்லை.

மோட்டாரின் சத்தம் அவளுக்குத் தெரியும். தண்ணீர் இருக்கும்வரை அது கனமாக, வயிறு நிறைந்த எருமை அசைபோடுவதுபோல் ஓடும். அடிமட்டத்தை நெருங்கும்போது அந்தக் கனத்துக்கு மேலே மெல்லிய ஒரு சீழ்க்கை சேரும். அது சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஓடவிட்டதும் நடந்துபோய்க் கிணற்றோரம் நின்று அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பது அவளுடைய வேலை. கோடையில் அது முப்பதாவது நிமிஷத்திலும் வரலாம், இருபத்தைந்திலும் வரலாம். தண்ணீர் வற்றினால் தானாக நிற்கும் வசதி அந்தப் பெட்டியில் கிடையாது. அது இதைவிடப் பெரிய மாடலில்தான்.

இப்போது மறுபடியும் தோப்பில் அறுபத்து நாலு பிள்ளைகள். வேர் வாடல் நோயில் விழுந்த பழைய மரங்களுக்குப் பதிலாக நட்டவை. இது அவற்றுக்கு இரண்டாவது கோடை. இதைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

இப்படி இருக்கும்போதுதான் வியட்நாம் வந்தது.

பஞ்சாயத்தின் தென்னை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் கமலாத்தாள் ஒரு டைரக்டர். கையெழுத்துப் போட ஒரு பெண் வேண்டும் என்று சேர்த்தார்கள். அவள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்க் கேள்வி கேட்க ஆரம்பித்ததில் உண்மையிலேயே டைரக்டராகிவிட்டாள். வியட்நாமில் தென்னை நாரிலிருந்து மிட்டாய் வரை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவர எட்டுப் பேரை அனுப்பத் தீர்மானித்தார்கள். மார்ச் மாதம், ஒன்பது நாள். அவளுக்கு வயது ஐம்பத்தாறு. அவள் பார்த்த அதிகபட்ச வெளியூர் திருச்செந்தூர்.

போகவேண்டும் என்று ஆசை இருந்தது. அதை வெளியே காட்டாமல் நாலு நாள் சட்னிக்குத் தேங்காய் துருவினாள். ஐந்தாம் நாள் மோகனசுந்தரமே பேச்சை எடுத்தார். மில்லிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேப்பரை இரண்டு முறை படித்தும் பொழுது மிச்சமாக இருந்தது அவருக்கு.

"போய்ட்டு வா. ஒம்போது நாளுத்தான? பெட்டில என்ற நம்பரையும் போட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

"அந்தப் பெட்டி ஒரு நம்பர்தானுங்க ஏத்துக்கும்."

"அப்படியா? செரி" என்று பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அது பொய். பெட்டி ஐந்து நம்பர் ஏற்றுக்கொள்ளும் என்று கருப்புசாமி மாட்டிய அன்றைக்கே சொல்லி, எப்படிச் சேர்ப்பது என்பதைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்திருந்தான். அந்தத் தாள் அவள் மணிபர்ஸில் எட்டாக மடித்துக் கிடந்தது. ஆறு வருஷத்தில் மோகனசுந்தரம் கேட்டது இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் அவள் அதே பதிலைத்தான் சொன்னாள்.

யோகப்பிரியாவிடம் ஃபோனில் யோசனை கேட்டாள்.

"ஏம் அம்மிணி, வியட்நாமுல இருந்து இங்க ரிங் வுட்டா மோட்டார் ஓடுமா?"

"உலகத்துல எங்க இருந்து வேணும்னாலும் ஓடும்மா. சிம் உயிரோட இருக்கோணும், அவ்வளவுதான். ஆனா அங்க நெட்டுக்கு அந்த ஊர் சிம் ஒண்ணு வேணும். உன்ற ஃபோன்ல எடமில்ல. அது பழசு வேற. புதுசா ஒண்ணு வாங்கிரு."

"எப்படிப் பாத்து வாங்கறது?"

"மூணு சிம் கேளு. முழிப்பாங்க. முழிக்காத கடையில வாங்கு."

கொழிஞ்சாம்பாறையில் முதல் கடையில் முழித்தார்கள். இரண்டாவது கடையில் ஜோமோள் என்ற பெண் நின்றாள். தமிழும் மலையாளமும் கலந்து பேசினாள், முழிக்கவில்லை.

"மூணு சிம்மா? சேச்சிக்கு என்ன பிசினஸ்?"

"மோட்டார் பிசினஸ்" என்றார் கூட வந்திருந்த மோகனசுந்தரம்.

கமலாத்தாள் விஷயத்தைச் சொன்னாள். ஜோமோள் மூன்று ஃபோன்களைக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"இது பாருங்க. ரெண்டு சிம் போடற எடம். ஆனா ரெண்டாவது எடத்துல மெமரி கார்டு போட்டா சிம்முக்கு எடமில்ல. இது சேச்சிக்குச் செரியாகாது. இது ரெண்டும் பரவாயில்ல. ரெண்டு சிம் போடலாம், அதுக்கு மேல ஒரு ஈ-சிம். அது கார்டு இல்ல, ஃபோனுக்குள்ளயே ஏத்தறது. வியட்நாம் சிம்ம இங்க இருந்தே காசு கட்டி ஏத்திக்கலாம், அங்க எறங்குனதும் வேல செய்யும்."

"அப்ப மூணும் ஓடும்."

"இல்ல சேச்சி. மூணும் உள்ள இருக்கும், ரெண்டுதான் முழிச்சிருக்கும். ஒண்ணத் தூங்க வெக்கணும்."

எதைத் தூங்க வைப்பது? வீட்டு சிம் தூங்கினால் வாட்ஸ்அப் போய்விடுமே என்றாள் கமலாத்தாள். அது பழைய நம்பரிலேயே ஓடும், சிம் முழித்திருக்க வேண்டியதில்லை என்றாள் ஜோமோள். பாங்கு மெசேஜ் வேண்டும் என்றால் அந்த நேரத்துக்கு எழுப்பிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு சிம்முக்கும் வெளிநாட்டு ரோமிங்கை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். அங்கே போய்ப் போட்டால் சில சமயம் ஏறாது. அவற்றில் நெட்டை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காசு கரியாகும். எல்லாவற்றையும் செட்டிங்கில் போய்த் தள்ளித் தள்ளிக் காட்டினாள். பச்சை என்றால் விழிப்பு, சாம்பல் என்றால் தூக்கம்.

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக, "இதுக்கு எளுப்பமா, சுலபமா ஒரு வழி உண்டு சேச்சி. அந்த மோட்டார் சிம்ம சேட்டனோட ஃபோன்ல போட்டுட்டுப் போனா மதியல்லோ, போதுமே? புது ஃபோனே வேண்டா" என்றாள். சொன்ன பிறகுதான் வியாபாரத்தைத் தானே கெடுத்தது உறைத்து, முதலாளி உட்கார்ந்திருந்த பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கமலாத்தாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "அந்த நம்பர்லதான் கேஸ் புக் பண்ணறது."

"ஒம்போது நாள்ல கேஸ் தீந்துருமா?"

"கிருஷி பவன்லயும் அந்த நம்பரத்தான் குடுத்திருக்குது. எப்ப வேணும்னாலும் கூப்புடுவாங்க."

விவசாய ஆபீஸான கிருஷி பவனிலிருந்து யாரும் யாரையும் கூப்பிட்டதாக அந்தக் கடையில் இருந்த ஒருவருக்கும் நினைவில்லை. மோகனசுந்தரம் ஃபோன் உறைகள் தொங்கிய ஸ்டாண்டை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். அது கிறீச்சிட்டது. ஒரு சுற்று முழுக்கச் சுற்றிவிட்டு, "ரெண்டுல எதுன்னு பாரு கமலா" என்றார்.

இரண்டுமே ஒரே விலைக்குப் பக்கம்தான். ஒன்றில் கேமரா நன்றாக இருந்தது. மற்றதில் பாட்டரி. கமலாத்தாளுக்கு வேண்டியது வேறு. சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். ஜோமோள் இரண்டிலும் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டினாள்.

"பாட்டு எல்லா ஃபோன்லயும் நல்லாத்தான் கேக்கும். வேற ஏதாச்சும் சத்தம் போடு கண்ணு."

"வேற சத்தம்னா?"

மோகனசுந்தரம் படியிறங்கினார். எதிரே ஜூஸ் கடை. அங்கே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. தன் ஃபோனை அதற்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய சாத்துக்குடி ஜூஸ் முடியும்வரை நின்றார். ஜூஸ்காரன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்தப் பதிவு வாட்ஸ்அப்பில் கமலாத்தாளின் பழைய ஃபோனுக்கு வந்தது. ஜோமோள் அதை இரண்டு புது ஃபோன்களுக்கும் மாற்றினாள். கமலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காதில் வைத்தாள். கேமரா ஃபோனில் எல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தது. மற்றதில், ஐஸ் கட்டி உடைகிற கடகடப்பு எந்த இடத்தில் தீர்ந்து வெறும் தண்ணீராகச் சுழல்கிறது என்பது பளிச்சென்று தெரிந்தது.

"இது போதும்."

"சேச்சி, இருபது வருஷமா ஃபோன் விக்கிற கட. மிக்ஸி கேட்டு ஃபோன் எடுத்த மொத ஆள் நீங்கதான்" என்றாள் ஜோமோள்.

ரோமிங்கையும் வியட்நாம் ஈ-சிம்மையும் ஞாயிற்றுக்கிழமை வந்த யோகப்பிரியா ஏற்றிக் கொடுத்தாள். கமலாத்தாள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஒரு தடவை, பொழுதோட சாயங்காலம் ஒரு தடவை, இருபது இருபது நிமிஷம். இருபது நிமிஷத்துக்கு எந்தக் கோடையிலும் கிணறு தாங்கும். கிணற்றோரம் நின்று கேட்க முடியாதபோது அதற்கு மேல் ஓட்டக் கூடாது. புறப்படும் நாள் காலையில் பிள்ளைகளுக்கு நன்றாகத் தண்ணீர் விட்டாள். மோட்டார் ரூமைப் பூட்டினாள். கள்ளிறக்க வருகிறவர்கள் ஸ்விட்சைத் தொட்டுவிடக் கூடாதென்று எப்போதுமே பூட்டித்தான் வைப்பாள்.

கொச்சியில் விமானம் ஏறும்போது மோட்டார் சிம்முக்கு எதிரே பச்சை எரிந்தது.

வியட்நாமில் தென்னைகள் தண்ணீருக்குள் நின்றன. வாய்க்கால், வாய்க்காலுக்குள் வாய்க்கால், அதன் கரையிலெல்லாம் தென்னை. படகிலிருந்தே தேங்காயை எட்டிப் பறிக்கலாம் போலிருந்தது. கூட வந்திருந்த வண்ணாமடைச் செல்லாத்தாள் மூக்கில் விரலை வைத்தாள்.

"ஏனுங்க கமலாக்கா, இத எதுக்குங்க நம்மளக் கூட்டியாந்து காட்டறாங்க? தண்ணியக் காட்டி வவுத்தெரிச்சலக் கெளப்பவா?"

"மிட்டாயப் பாரு செல்லா. தண்ணியப் பாக்காத" என்றாள் கமலாத்தாள். அவளும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணி, ஊரில் ஆறரை. ஓட்டல் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மோட்டார் சிம்மிலிருந்து ரிங் விட்டாள். மணி அடித்தது. பெட்டி துண்டிக்கவில்லை. அடித்து அடித்துத் தானாகவே ஓய்ந்தது. மறுக்கா விட்டாள். அதே கதை. நாலாவது தடவைக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, கரண்டு இருக்குதுங்களா?"

"இருக்குதே. ஃபேன் ஓடுது. ஏன், மோட்டார் எடுக்கலியா?"

"எடுக்கல. இருங்க, கூப்புடறேன்."

அடுத்து மகளைக் கூப்பிட்டாள். யோகப்பிரியா எல்லாவற்றுக்கும் ஒரு சோதனை வைத்திருப்பாள். "ம்மா, அதே நம்பர்ல இருந்து எனக்கு ஒரு ரிங் வுடு" என்றாள். கமலாத்தாள் விட்டாள். "உன் பேரு வரல. நம்பரே வரல. 'தெரியாத எண்'னு காட்டுது. செரி, ஒரு மெசேஜ் அனுப்பு... ஆ, இதுல உன் பேரு வருது. அங்க இருந்து கால் வந்தா வழியில நம்பர் விழுந்துருது போல. பெட்டிக்கு நீ ஆருன்னே தெரியல."

ஆறு வருஷம் ஒரு குரலுக்கு மட்டும் அசைந்த பெட்டி. அந்தக் குரல் கடல் தாண்டியதும் ஊர் பேர் தெரியாத ஆளாகிவிட்டது.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபடி வீட்டுக்குக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் மோகனசுந்தரம், "ரூமுச் சாவி எங்க வெச்ச? போய் ஸ்விட்ச அமுத்தீட்டு வாரேன்" என்றார்.

கமலாத்தாள் கைப்பையைத் திறந்தாள். பாஸ்போர்ட், வெற்றிலைப் பொட்டலம், மடித்த கைக்குட்டை. அதற்கு அடியில் சாவிக்கொத்து. மோட்டார் ரூம், கொட்டகை, பெட்டகம் எல்லாம் அதில். முப்பது வருஷமாக வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் கை தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளும் கொத்து. வியட்நாமுக்கும் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

"சாவி எங்கிட்டயே இருக்குதுங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "நல்லாப் போச்சு. அப்ப பூட்ட ஒடைச்சிரட்டா?"

அவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எருமை கத்துவது பின்னால் கேட்டது. பூட்டை உடைக்கச் சொல்வது சுலபம். ஒரு கல் போதும். உடைத்துவிட்டால் அவர் ஸ்விட்சை அமுக்குவார், இந்த ஒன்பது நாள் ஓடிவிடும், ஊர் போய்ப் புதுப் பூட்டு மாட்டிக்கொள்ளலாம். ஒரு நம்பர்தான் என்ற பேச்சு அப்படியே ஒரு நம்பர்தான் என்று இருந்துவிடும். இன்றைக்குத் தண்ணீர் போகாவிட்டால் நாளைக்குக் குருத்து வாடும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. தண்ணீர் போக வழியும் இருந்தது. இருந்தும் அவளுக்குச் 'செரி, ஒடைங்க' என்று வாயில் வரவில்லை.

"ஒடைக்க வேண்டாங்க. இருங்க."

மணிபர்ஸிலிருந்து காலண்டர் தாளை எடுத்துப் பிரித்தாள். மடிப்பில் எழுத்து கொஞ்சம் தேய்ந்திருந்தது. கருப்புசாமி எழுதியிருந்தபடி, முதலில் பெட்டியின் ரகசிய எண், பிறகு ஒரு புள்ளி, பிறகு இரண்டு, பிறகு புது நம்பர். மோகனசுந்தரத்தின் தோப்பு சிம் நம்பரை அவள் பார்க்காமலே அடித்தாள். மெசேஜை அனுப்பினாள். பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் பெட்டியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. இரண்டாவது எண் பதிவாகிவிட்டது.

மறுபடி கூப்பிட்டாள்.

"அந்தப் பெட்டி அஞ்சு நம்பர் ஏத்துக்குமுங்க" என்றாள். "உங்க நம்பரப் போட்டுட்டேன். தோப்பு சிம்முல இருந்து ஒரு ரிங் வுடுங்க, ஓடும்."

"ம்."

"மொதல்லயே சொல்லல."

"அஞ்சு நம்பர்னு தெரியும்" என்றார் மோகனசுந்தரம்.

"எப்ப இருந்துங்க?"

"மாட்டுன அன்னைக்கே. கருப்புசாமி டீ குடிக்கறப்பச் சொன்னான்."

கமலாத்தாள் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சேவா மூணு தரம் கேட்டீங்க?"

"கேட்டேன். ஒரு நம்பர்தான்னு சொன்னே. செரி, ஒரு நம்பர்தான்னு இருந்துட்டேன். காயிலக் கருக்குனவன் நாந்தான? நானே போயி என்ற நம்பரப் போடுன்னு கருப்புசாமிகிட்டச் சொல்ல முடியுமா?" குரலில் கோபமில்லை, லாரி எடை சொல்வதுபோல் சொன்னார். "அந்த முப்பது பிள்ளையையும் நானும்தான் எண்ணுனேன் கமலா."

"இருபது நிமிசத்துக்கு மேல ஓட்டாதீங்க" என்றாள்.

"செரி. வெய்யில் ஏறுது, போறேன்."

நம்பர் சேர்த்தபோதே அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. பெட்டி யார் கூப்பிட்டார்களோ அவர்களுக்குத்தான் மெசேஜ் அனுப்பும். இனி மோட்டார் ஓடியதா, நின்றதா என்பது அவளுக்கு வராது. போகும் வழியெல்லாம் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கலாம். கேட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும். நார் முறுக்கும் ஓர் ஆலையைக் காட்டினார்கள். வழிகாட்டி சொல்வதை மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். கமலாத்தாளின் நோட்டில் அன்றைக்கு ஒரு வரிதான் ஏறியது, அதுவும் பாதி.

ஆலையை விட்டு வெளியே வரும்போது ஃபோன் துடித்தது. மோகனசுந்தரத்திடமிருந்து ஒரு குரல் பதிவு. அவர் வழக்கமாக அனுப்புவதைவிட நீளமாக இருந்தது.

அவள் கொஞ்சம் ஒதுங்கி, ஓர் ஓலைப் பந்தலின் நிழலில் நின்று, ஃபோனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள். பேச்சு எதுவும் இல்லை. மோட்டார் ரூமின் ஜன்னலுக்கு வெளியிலிருந்து எடுத்திருக்க வேண்டும். மோட்டாரின் சத்தம். கனமாக, நிறைவாக. நடுவே ஒரு காக்கை. அவர் ஒருமுறை இருமினார். மறுபடி மோட்டார். முகத்தில் வியர்வை வழிவது தெரியாமல் நின்றாள். ஒரு நிமிஷம் போனது. இன்னொரு அரை நிமிஷம். அப்போது அந்தக் கனத்துக்கு மேலே, மிக மெல்லியதாக, நூல் இழைபோல ஒரு சீழ்க்கை சேர்ந்தது.

'நிறுத்துங்க' என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். அது முக்கால் மணி நேரத்துக்கு முந்தைய சத்தம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சீழ்க்கை தொடங்கி இரண்டு மூச்சு விடுவதற்குள் பதிவு வெடுக்கென்று அறுந்து நின்றது. கமலாத்தாள் ஃபோனைப் பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மறுபடி கடைசிப் பகுதியை மட்டும் கேட்டாள். கனம், சீழ்க்கை, அறுபடல். பிறகுதான் புரிந்தது. பதிவு செய்துகொண்டிருந்த அதே ஃபோனிலிருந்துதான் அவர் பெட்டிக்கு ரிங் விட்டாக வேண்டும். சீழ்க்கை கேட்டதும் பதிவை விட்டுவிட்டு ரிங் விட்டிருக்கிறார்.

கீழே இன்னொரு மெசேஜ் வந்தது. எடைமேடைச் சீட்டில் எழுதுவதுபோலவே எழுதியிருந்தார்.

'ஓட்டம் 26 நிமிடம். நிறுத்தம் 7.58. பிள்ளை 64, எல்லாத்துக்கும் போச்சு. 20ன்னு சொன்னே. தண்ணி இருந்துச்சு, அதனால ஓட்டுனேன்.'

அவள் பதில் எழுத ஆரம்பித்தாள். அழித்தாள். கடைசியில் 'பொழுதோடயும் பாத்து ஓட்டுங்க' என்று அனுப்பினாள். காலையில் நிமிஷம் சொல்லியிருந்தாள். இந்த முறை சொல்லவில்லை.

பஸ்ஸில் யோகப்பிரியாவின் மெசேஜ் காத்திருந்தது. அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போல. 'ம்மா, இன்னும் மூணு நம்பருக்கு இடம் இருக்காமே. என்னோடதையும் போடு.'

'நீ கோயமுத்தூர்ல உக்காந்துட்டு எதைக் கேட்டு நிறுத்துவே?' என்று எழுதினாள்.

பிறகு ஜோமோள் சொல்லிக் கொடுத்தபடி செட்டிங்குக்குள் போனாள். மோட்டார் சிம்முக்கு எதிரே பச்சை இருந்தது. விரலால் மெல்லத் தள்ளினாள். சாம்பலானது. வீட்டு சிம்மை எழுப்பினாள். பாங்கிலிருந்து மூன்று நாளாகத் தேங்கியிருந்த மெசேஜ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

"ஊட்டுல இருந்துங்களா?" என்றாள் பக்கத்தில் அமர்ந்திருந்த செல்லாத்தாள்.

"ஆமா. மோட்டார் ஓடுச்சாம்." கமலாத்தாள் நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த நார் மெசின் மணிக்கு எத்தனை கிலோன்னு சொன்னாங்க செல்லா? நான் அப்பச் சரியாக் கேக்கல."